வட்டத்துக்கு எவ்வளவு, விளிம்புக்கு எவ்வளவு?

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேணும்னு பேரவைச் செயலாளர் வந்து நின்றபோது, "எதைப் பத்திங்க எழுதறது?" என்று கேட்டேன். "வரதட்சணை, சுற்றுச்சூழல், இளைஞர் சக்தி... இதெல்லாம் ஏற்கனவே ஆளாளுக்கு எடுத்துக்கிட்டாங்க. நீ உனக்குத் தெரிஞ்சதை எழுது" என்றார். எனக்குத் தெரிந்தது ரெண்டே ரெண்டு. ஒன்று லேத், இன்னொன்று சாப்பாடு. லேத்தைப் பற்றி நான் எழுதினால் ஒர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டர் விழுந்து விழுந்து சிரிப்பார். ஆகவே சாப்பாடு. அதிலும் பீட்சா.

பீட்சான்னதும் பக்கத்தைப் புரட்டிடாதீங்க. இதில் ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்குக்குப் பின்னால் நான் செய்த ஒரு தப்பும் இருக்கு.

ஐந்தாம் செமஸ்டரில் என் ரூம்மேட்டுக்குக் கேம்பஸில் வேலை கிடைத்தது. எங்கள் செட்டில் முதல் ஆள். கிடைத்த அன்றைக்கே "ட்ரீட்டு! ட்ரீட்டு!" என்று வராண்டாவில் கோஷம். நானும் கத்தினேன். சொல்லப்போனால் நான்தான் அதிகம் கத்தினேன். டீக்கடை பஜ்ஜியெல்லாம் செல்லாது, பீட்சாதான் என்று தீர்மானம் போட்டதும் நானே. பதினோரு பேர் பஸ் பிடித்துப் போனோம். ஒருத்தனுக்குச் சோளம், ஒருத்தனுக்குக் காளான், ஒருத்தனுக்குப் பனீர், ஒருத்தனுக்கு வெங்காயம் ஆகாது. சரி, ஆளுக்கு ஒன்று சின்ன சைஸில் சொல்லிடுவோம்னு சொன்னோம். பில் வந்தது: ரூ. 2,919. அவன் ஒண்ணும் பேசாமல் எண்ணி வைத்தான்.

அன்று ராத்திரி பன்னிரண்டு மணிக்கு எனக்கு முழிப்பு வந்தது. அவன் லைட்டைப் போட்டுக்கொண்டு டிராயிங் ஷீட்டின் பின்பக்கத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் ஒரு ஒர்க்ஷாப்பில் வேலைக்குப் போவது எங்களுக்கெல்லாம் தெரியும். நாள் கூலி ரூ. 600. அந்தப் பணம் ஓசூரில் ரூம் அட்வான்சுக்காகச் சேர்த்த பணம் என்பதுதான் தெரியாது. "அஞ்சு ஞாயித்துக்கிழமைடா" என்றான். அவ்வளவுதான் சொன்னான். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது தேவலை.

மறுநாள் அந்த பில்லை அவன் மேசையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பதினோரு பீட்சா, தலா ரூ. 190. எக்ஸ்ட்ரா டாப்பிங் ஒன்பது, தலா ரூ. 40. கூல்டிரிங்ஸ் பதினொன்று, தலா ரூ. 30. அதுக்கு மேல் 5 சதவீத வரி. டாப்பிங் ஏன் ஒன்பது? பதினோரு பேரில் ரெண்டு பேர் வாங்கவில்லை. அதில் ஒருத்தன் அவன்.

இதற்கப்புறம்தான் எனக்குப் பீட்சா ஆராய்ச்சி பிடித்தது. அடுத்த வாரம் அதே கடைக்குப் பாக்கெட்டில் ஸ்டீல் ரூலோடு போனேன். (கல்லாவில் இருந்த அண்ணன் என்னை உணவுப் பாதுகாப்புத் துறை ஆள் என்று நினைத்து எழுந்து நின்றது தனிக்கதை!) சின்னது 7 அங்குலம், ரூ. 190. நடுத்தரம் 10 அங்குலம், ரூ. 360. பெரியது 12 அங்குலம், ரூ. 540. விட்டத்தை வைத்துப் பார்த்தால் சின்னது மலிவு மாதிரித்தான் தெரியும். ஆனால் நாம் தின்பது விட்டத்தையா? பரப்பளவை அல்லவா! ஒன்பதாம் வகுப்பிலேயே படித்ததுதான்: விட்டத்தின் வர்க்கத்தை பையால் பெருக்கி நாலால் வகுக்கணும். சின்னது 38.5 சதுர அங்குலம், நடுத்தரம் 78.5, பெரியது 113. ஒரு சதுர அங்குலத்துக்கு முறையே ரூ. 4.94, ரூ. 4.58, ரூ. 4.77. ஆக நடுத்தரம்தான் லாபம் என்று முடிவு கட்டிவிட்டு வந்தேன்.

அங்கேதான் தப்பு. பீட்சாவில் ஓரம் என்று ஒன்று இருக்கு. அதன் மேல் சாஸ் கிடையாது, சீஸ் கிடையாது; வெறும் ரொட்டி. எங்கள் கடையில் அந்த மொட்டை விளிம்பு முக்கால் அங்குலம். சின்னதோ பெரிசோ, விளிம்பின் அகலம் மாறவே இல்லை. அப்படியானால் 7 அங்குலப் பீட்சாவில் சரக்கு இருக்கும் விட்டம் ஐந்தரை அங்குலம்தான், பரப்பு 23.8. அதாவது நூற்றுக்கு 38 பங்கு வெறும் விளிம்பு! 10 அங்குலத்தில் சரக்குப் பரப்பு 56.7, 12 அங்குலத்தில் 86.6. இப்போது கணக்கைத் திருப்பிப் போட்டால் சரக்குள்ள ஒரு சதுர அங்குலத்துக்குச் சின்னதில் ரூ. 8, நடுத்தரத்தில் ரூ. 6.34, பெரியதில் ரூ. 6.24. பெரியது முந்திவிட்டது. டாலரன்ஸ் விட்டுட்டு டிராயிங் போட்டா வைவாவில் என்ன ஆகும்னு நமக்குத் தெரியுமே, அதே கதைதான்.

இன்னொரு கணக்கையும் சொல்லிடறேன். நாங்கள் அன்றைக்குத் தின்ற பதினோரு சின்னதின் சரக்குப் பரப்பு மொத்தம் 261 சதுர அங்குலம். மூன்று பெரியது வாங்கியிருந்தால் 260. அதே அளவு! விலை ரூ. 2,090-க்குப் பதில் ரூ. 1,620. ரூ. 470 அந்த விளிம்பில் போச்சு. டாப்பிங்கும் கூல்டிரிங்சும் தனி.

சரி, உலகத்தில் எல்லாப் பீட்சாவும் இப்படித்தானா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, இது ஏதோ ஏசி ரூம் சமாச்சாரம் என்று நான் நினைத்திருந்தது முழுப்பொய் என்று தெரிந்தது. இத்தாலியில் நேப்பிள்ஸ் துறைமுக நகரத்து ஏழைகளின் சாப்பாடு அது. தெருவில் கூவி விற்பார்கள். கையில் இருக்கும் காசுக்குத் தகுந்த அளவு துண்டு வெட்டிக் கொடுப்பார்கள். காசே இல்லையென்றாலும் வழி இருந்தது. இன்றைக்குத் தின்றுவிட்டு எட்டாம் நாள் காசு கொடுக்கலாம் என்று கடன் பீட்சா! விட்டோரியோ டி சிகா 1954-ல் எடுத்த 'நேப்பிள்ஸின் தங்கம்' என்ற படத்தில் இந்தக் கடன் பீட்சாவுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அதில் சோபியா லோரன் பீட்சாக்காரியாக நடித்திருக்கிறார். நம்ம கேட்டுக்கு எதிரே அக்கா கடையில் தொங்குற நோட்டு ஞாபகம் வருதா? எனக்கு வந்தது.

1889-ல் மார்கெரிட்டா ராணிக்காக ரஃபேலே எஸ்போசிட்டோ என்பவர் சுட்டதுதான் முதல் மார்கெரிட்டா என்று ஒரு கதை எல்லா மெனு கார்டிலும் இருக்கும். வரலாறு எழுதுகிறவர்கள் அதைச் சந்தேகப்படுகிறார்கள். நாமும் அதை விட்டுவிடுவோம். நமக்கு வேண்டியது அடுப்பு. நேப்பிள்ஸ் பீட்சாவுக்கென்று 1984-ல் ஒரு சங்கமே வைத்து விதி எழுதியிருக்கிறார்கள். விறகடுப்பின் கூரை சுமார் 485 டிகிரி செல்சியஸ், வேகும் நேரம் 60 முதல் 90 விநாடி, விட்டம் 35 சென்டிமீட்டருக்கு மிகக்கூடாது. 485 டிகிரி என்றால் என்னவென்று ஃபவுண்டரி லேப் பார்த்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. துத்தநாகமே 419-ல் உருகிவிடும்! அந்தச் சூட்டில் மாவின் வெளிப்பக்கம் கருகிப் புள்ளி விழும், உள்பக்கம் ஈரமாகவே நிற்கும். 2017-ல் யுனெஸ்கோ அந்தக் கைத்திறனைத் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஊத்தப்பமும் பீட்சாவும் அண்ணன் தம்பி என்று மேடையில் பேசுகிற ஆட்களுக்கு ஒரு வார்த்தை. ஊத்தப்பம் கல்லில் கீழிருந்து வேகும். பீட்சாவுக்குக் கீழே கல்லின் சூடு, மேலே கூரையிலிருந்து கதிர்வீச்சு, நடுவில் சுற்றும் காற்று. தெர்மலில் படித்த மூன்று வழியும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். ருசியில் எது பெரிது என்று கேட்டால் நான் எங்கம்மா பக்கம்தான். ஆனால் அண்ணன் தம்பி இல்லை.

போன வருஷம் இண்டஸ்ட்ரியல் விசிட்டில் புதுச்சேரி போனபோது விறகடுப்புப் பீட்சாவை நாலு பேர் பங்கு போட்டு ருசி பார்த்தோம். வாட்ச்சைப் பார்த்தேன், ரெண்டு நிமிஷத்துக்குள் வந்துவிட்டது. வாசனை பிரமாதம். நடுப்பகுதி தொளதொளவென்று, கையில் எடுத்தால் தொங்கிவிட்டது. அரை மணி நேரத்தில் எங்களுக்குப் பசி! ஆகவே பசிக்கு வாங்குகிறவனுக்கு அது சரிப்படாது. காதலிக்கு வாங்கிக் கொடுக்கிறவன் யோசிக்கலாம். (நமக்கு அந்தப் பிரச்சினை இல்லை.)

அமெரிக்காவுக்குப் போன இத்தாலிக்காரர்கள் இதை வேறு மாதிரி ஆக்கினார்கள். நியூயார்க்கில் லொம்பார்டி கடை 1905 கணக்கு. அங்கே வழக்கமான பெரிய பீட்சா 18 அங்குலம். எட்டாக வெட்டினால் ஒரு துண்டே 31.8 சதுர அங்குலம் வருகிறது. நம்ம ஊர் சின்னது முழுசாகவே 38.5 தான்! அங்கே துண்டு துண்டாக வாங்கலாம். ஒரு துண்டின் விலையும் சுரங்க ரயில் டிக்கெட் விலையும் ஏறத்தாழ ஒன்றாகவே ஏறுகிறது என்று 1980-லேயே ஒருவர் கவனித்துப் பத்திரிகைக்கு எழுதினார். பஸ் டிக்கெட் காசுக்குப் பீட்சா! கேட்கவே நல்லா இருக்கு இல்ல?

அந்தத் துண்டை அவர்கள் நீளவாக்கில் மடித்துப் பிடித்துத் தின்பார்கள். ஸ்டைலுக்காக இல்லை, அதில் இன்ஜினியரிங் இருக்கு. தட்டையான தகடு தன் எடையிலேயே தொங்கும். ஒரு பக்கமாக வளைத்துவிட்டால் குறுக்குத் திசையில் வளையாது. சைக்கிள் ஷெட் கூரையில் நெளிநெளியான தகடு எதற்கு? அதுக்குத்தான். 1827-ல் காஸ் என்கிற கணித மேதை எழுதி வைத்த தேற்றத்தின் வேலை அது. புதுச்சேரியில் எனக்கு இது தெரிந்திருந்தால் சட்டை தப்பித்திருக்கும்.

சிகாகோவில் 1943-ல் பீட்ஸேரியா ஊனோ என்ற கடையில் ஆரம்பித்த ஆழத்தட்டுப் பீட்சா இன்னொரு ஜாதி. கேக் டின் மாதிரி தட்டு. சீஸ் கீழே, தக்காளி மேலே. அரை மணிக்கு மேல் வேகணும், சீஸ் மேலே இருந்தால் கருகிவிடும் என்பதால் தலைகீழ். இதற்கு என் சதுர அங்குலக் கணக்கு செல்லாது, எடை பார்க்கணும். ரோமில் எடைக்கே விற்கிறார்கள்: நீளத் தட்டில் சுட்டு, கேட்ட அளவைக் கத்தரியால் வெட்டித் தராசில் வைத்து விலை சொல்வார்கள். இதைவிட நேர்மையான வியாபாரம் இருக்கா? மிக்சர் வாங்குகிற மாதிரி பீட்சா வாங்கலாம். நம் கல்லூரி கேன்டீனில் ஒரே ஒரு மின் அவன் வைத்து, தட்டுப் பீட்சா போட்டு, துண்டுக்கு இவ்வளவு என்று விற்றால் என்ன? பேரவைக்கு இதை ஒரு கோரிக்கையாகவே எழுதுகிறேன். செயலாளர் கவனிக்க!

இப்போது நம்ம ஆள். டெட்ராய்ட்! கார் தொழிற்சாலைகளின் ஊர். 1946-ல் அங்கே பட்டிஸ் ரொண்டேவு என்ற கடையில் கஸ் கெரா என்பவர் நீள்சதுரப் பீட்சா போட்டார். தட்டு எங்கிருந்து வந்தது என்கிறீர்கள்? கார் ஃபேக்டரியில் நட்டு போல்ட் போட்டு வைக்கும் புளூ ஸ்டீல் தட்டுதான் என்பார்கள். கனமான எஃகு, சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சீஸை ஓரம் வரைக்கும் பரப்பிவிடுவார்கள். அது தட்டின் சுவரைத் தொட்டு வழிந்து முறுகலாகி நிற்கும். புரிகிறதா? மொட்டை விளிம்பே கிடையாது! 10-க்கு 14 அங்குலத் தட்டு என்றால் 140 சதுர அங்குலமும் சரக்கு. நான் மூன்று பெரிய பீட்சா வாங்கி 79 சதுர அங்குலம் விளிம்பில் விட்ட கதைக்கு, ஒரு ஃபேக்டரி தட்டு பதில் சொல்லிவிட்டது. நான் அதைத் தின்றதில்லை. தின்னாமலே என் ஓட்டு அதற்குத்தான். இயந்திரவியல் மாணவன் வேறு எதற்குப் போடுவான்?

நம்ம ஊர் சங்கிலிக் கடைகளைப் பற்றியும் சொல்லணும். அங்கே பெரும்பாலும் கன்வேயர் அவன்தான். ஒரு பக்கம் பச்சையாக உள்ளே போகும், சங்கிலிப் பட்டை நகரும், மேலும் கீழும் சூடான காற்றுப் பீய்ச்சும், சில நிமிஷத்தில் மறுபக்கம் வெந்து வெளியே வரும். ஆள் திறமை வேண்டாம். வேகத்தையும் சூட்டையும் செட் பண்ணினால் போதும். டோமினோஸ் 1960-ல் மிச்சிகன் மாநிலத்தில் ஆரம்பித்து 1996-ல் டெல்லிக்கு வந்தது. அதே 1996-ல் பெங்களூரில் பீட்சா ஹட். எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே ருசி என்பதை நான் குறையாகச் சொல்லமாட்டேன். மாஸ் புரொடக்ஷன் படிக்கிற நாமே அதைக் குறை சொன்னால் எப்படி? ஆனால் சீஸில் ஜாக்கிரதை. பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய் சேர்த்த அனலாக் சீஸ் என்று ஒன்று சந்தையில் உண்டு. அதுவும் உருகும். விலை குறைவு. பாக்கெட்டில் எழுதியிருக்கும்; தட்டில் யார் எழுதுவார்கள்? மலிவுக் கடைகளில் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

டாப்பிங் விஷயத்தில்தான் ஹாஸ்டலில் பெரிய சண்டை. அன்னாசிப்பழம் போட்ட பீட்சாவைத் தொட்டாலே கேலி. அன்னாசியைப் பீட்சாவில் ஏற்றியவர் ஹவாய்க்காரர் இல்லை, இத்தாலிக்காரரும் இல்லை. கிரேக்கத்தில் பிறந்து கனடாவுக்குப் பிழைக்கப் போன சாம் பனோபுலோஸ், 1962-ல், ஒன்டாரியோ மாநிலம் சாத்தம் ஊரில் தன் ஓட்டலில் டின் பழத்தை எடுத்துச் சும்மா போட்டுப் பார்த்தார். டின்னில் இருந்த பேர்தான் 'ஹவாயன்'. 2017-ல் ஐஸ்லாந்து ஜனாதிபதியிடம் பள்ளிப் பிள்ளைகள் கேட்டதற்கு, முடிந்தால் அன்னாசியைத் தடை செய்வேன் என்று விளையாட்டாகச் சொல்லிவிட்டார். உலகமே இரண்டுபட்டது! கடைசியில் அவரே, அப்படிப்பட்ட அதிகாரம் தனக்கு இல்லாததே நல்லது என்று விளக்கம் சொல்லவேண்டியதாயிற்று. 2024-ல் நேப்பிள்ஸிலேயே ஜீனோ சோர்பில்லோ என்ற பேர் பெற்ற பீட்சாக்காரர் அன்னாசியைத் தன் மெனுவில் ஏற்றிவிட்டார்.

சுவீடனில் வாழைப்பழமும் கறி மசாலாத் தூளும் போடுகிறார்கள். பிரேசிலில் பச்சைப் பட்டாணி, அவித்த முட்டை. ஜப்பானில் மயோனைஸ், சோளம், கணவாய். ஃபின்லாந்துச் சாப்பாட்டை இத்தாலியப் பிரதமர் பெர்லுஸ்கோனி 2005-ல் கேலி பேசப்போக, அந்த நாட்டுப் பீட்சாக் கம்பெனி ஒன்று புகைபோட்ட கலைமான் கறியை வைத்து, அவர் பேரையே அதற்கு வைத்து, 2008-ல் நியூயார்க் போட்டியில் இத்தாலிக்காரர்களையும் தாண்டிப் பரிசு வாங்கியது. ரோஷம்னா இப்படி இருக்கணும்!

ஆகவே பனீர் டிக்கா போட்டா பீட்சாவே இல்லைன்னு மூக்கைச் சுளிக்கிறவர்கள் ஒன்றை யோசிக்கட்டும். தக்காளியே இத்தாலிக்குச் சொந்தம் இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பல் ஏறி வந்தது. என் கட்சி எது நல்லாயிருக்கோ அது. ஒரே ஒரு நிபந்தனை, தண்ணி விடும் சரக்கை அளவோடு போடணும். பச்சைக் காளான், தக்காளி, அன்னாசி மூன்றையும் ஒரே வட்டத்தில் கொட்டினால் கன்வேயர் அவனில் நீர் வற்ற நேரம் போதாது. அடிமாவு ஈரச்சாக்கு மாதிரி ஆகிவிடும். எக்ஸ்ட்ரா டாப்பிங் என்று 7 அங்குலத்துக்கு ரூ. 40 கொடுப்பது 23.8 சதுர அங்குலத்துக்குக் கொடுக்கும் காசு என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டுக் காளான் சீவல், எண்ணிப் பார்த்தேன்.

இனி ட்ரீட். வேலை கிடைத்தவன் கொடுக்கணும், பிறந்தநாள்காரன் கொடுக்கணும், அரியர் கிளியர் பண்ணவன் கொடுக்கணும் என்று நாமே ஒரு சட்டம் போட்டு வைத்திருக்கிறோம். கொடுக்கிறவன் சிரிச்சிக்கிட்டே கொடுக்கிறான், அதனால நமக்கு உறைக்கிறதில்லை. நம்மில் எத்தனை பேர் வீட்டில் முதல் ஆளாக டிப்ளமோ படிக்கிறோம்? சந்தோஷம் அவனுடையது என்றால் செலவு நம்முடையதாக இருக்கட்டுமே! வேலை கிடைத்தவனுக்கு நாம் பங்கு போட்டு வாங்கிக் கொடுப்பதுதான் முறை என்பது என் கருத்து. "அப்புறம் ட்ரீட்டுக்கு என்னடா மரியாதை?" என்று ஒரு நண்பன் கேட்டான். அவனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, கிடைக்கும்போது புரியும்.

கடைசிப் பிராக்டிகல் முடிந்த அன்று அதே பதினோரு பேர் அதே கடைக்குப் போனோம். மூன்று பெரியது, வெறும் தண்ணி. வரியோடு ரூ. 1,701. ரூம்மேட்டை விட்டுவிட்டுப் பத்தால் வகுத்தேன், தலைக்கு ரூ. 170. அவன் கால்குலேட்டரைப் பிடுங்கிப் பதினொன்றால் வகுத்து, ரூ. 155 எடுத்து மேசையில் வைத்துவிட்டான். எவ்வளவு சொல்லியும் திருப்பி வாங்கவில்லை. சரி, டாப்பிங்காவது நீ சொல்லுடா என்றோம். ஒன்றில் அன்னாசி வேணும்னான். எல்லோரும் "ஐயய்யோ!" என்று கத்தினார்கள். இருபத்து நாலு துண்டு. ஆளுக்கு ரெண்டு போக மிச்சம் ரெண்டு. ரெண்டுமே அன்னாசி. யாரும் தொடவில்லை. அவன் ஒன்றை மடித்துப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றை என் பக்கம் தள்ளினான்.